ஒன்பதாவது யோசனை

1

கேளம்பாக்கத்தில் இரண்டு மாதத்துக்கு முன் தேசிய ஒத்திசை நீச்சல் போட்டி நடந்தது. அதை நடத்திய குழுவின் செயலாளர் என்னிடம் பத்து யோசனைகள் கேட்டிருக்கிறார். "அடுத்த வருஷம் இன்னும் பெட்டரா பண்ணணும் மேடம். ஒரு டென் பாயிண்ட்ஸ் எழுதி அனுப்புங்க, கமிட்டியில வெச்சுடலாம்" என்று வாட்ஸப்பில் குரல் செய்தி. எட்டு எழுதிவிட்டேன். ஒன்பதாவதில் மூன்று வாரமாக நிற்கிறேன். பத்தாவதைப் பற்றிக் கவலையில்லை. நம் ஊரில் பத்து கேட்டால் எட்டு கொடுத்தாலே அதிகம்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கோட்டின் ஜிப் போய்விட்டது. கனடாவில் பனி விழத் தொடங்கிய வாரத்தில் ஜிப் போவது தாம்பரத்தில் மே மாதம் மின்விசிறி போவது மாதிரி. மூன்று குளிர்காலமாகத் தொடாத பழைய கோட்டை எடுத்து மாட்டினேன். பையில் கை விட்டால் ஒரு நோஸ் கிளிப். மூக்குக்குள் தண்ணீர் போகாமலிருக்க நீச்சல் பெண்கள் மாட்டிக்கொள்ளும் சின்ன வளைந்த கம்பி, இரு முனையிலும் ரப்பர். என் மகளுடையது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்தேன். அதே தேதிதான். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, இந்தக் கோட்டை அன்றைக்குத்தான் கடைசியாகப் போட்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் இதே நாளில் என் மகள் ஜெமிமா தன் கடைசிப் போட்டியில் நீந்தினாள். எட்டுப் பெண்கள் சேர்ந்து பாட்டுக்கு ஏற்பத் தண்ணீரில் ஆடும் அணி. ஒருத்தியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி எறிய வேண்டும். அடியில் இருந்து இரண்டு பேர் தாங்குவார்கள், அதில் ஒருத்தி ஜெமிமா. தூக்கும்போது குளத்தின் தரையில் கால் ஊன்றக் கூடாது. வெறும் தண்ணீரை உதைத்துத்தான் அந்த வேகம் வர வேண்டும். ஊன்றினால் இரண்டு மதிப்பெண் போய்விடும்.

அன்று தன்னார்வலராக நான் உட்கார்ந்திருந்தது நீருக்கடிக் கேமராவின் திரைக்கு முன்னால். நீலமும் குமிழியுமாக இருந்த திரையில் ஒரு கால் தரையை உந்துவதைப் பார்த்தேன். கையைத் தூக்கினேன். நடுவர் வந்தார், திரும்ப ஓட்டிப் பார்த்தார், தலையசைத்தார். யார் கால் என்று அவர் கேட்கவில்லை. விதிப்படி அது தேவையும் இல்லை. நானாகவே சொன்னேன்: "என் மகள்தான்."

மேசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நடுவர் என் தோளைத் தொட்டு, உங்களைப் போன்றவர்கள்தான் இந்த விளையாட்டுக்கு வேண்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. அந்த அரங்கிலேயே புடவை கட்டத் தெரிந்த ஒரே பெண் நான். எங்கள் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று காட்டிவிட்டதாக நினைத்தேன்.

பதக்கம் போயிற்று. ஜெமிமா காரில் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள், முன் சீட் காலியாக இருந்தது. பாதி வழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள், தமிழில்: "நீ கண்டும் காணாம இருந்திருக்கலாம்." அடுத்த வாரம் பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமும். அப்புறம் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

2

இதைப் படிக்கும் சேலையூர், தாம்பரம்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் நீச்சல்காரி இல்லை. எனக்கு நீந்தவே தெரியாது. எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் லாரியில் வருவது. கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. ஜெமிமா எட்டு வயதில் இந்த விளையாட்டில் சேர்ந்தபோது, பெற்றோர் ஆளுக்கு இத்தனை மணி நேரம் தன்னார்வ வேலை செய்ய வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். கேக் விற்கலாம், அல்லது அதிகாரியாகப் பயிற்சி எடுக்கலாம் என்று இருந்தது. கேக் எனக்கு வராது. போலீஸ் சரிபார்ப்பு, முதலுதவிச் சான்றிதழ், தேர்வு, மறுதேர்வு என்று வரிசையாக எழுதிக் கொடுத்து, எட்டு வருடத்தில் நடுவர் ஆகிவிட்டேன். மகள் விலகிய பிறகும் நான் விலகவில்லை. ஏன் என்று என் கணவர் சாம் ஒருமுறை கேட்டார். சனிக்கிழமைகளில் வேறு என்ன செய்வது என்று கேட்டேன்.

ஜெமிமா இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். ஒலிப்பதிவு சம்பந்தமான படிப்பு. பெயர் அங்கே 'ஜெம்' ஆகிவிட்டது. நான் அனுப்பும் நீளமான செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுவோம். வானிலை, பரீட்சை, அப்பாவின் முதுகுவலி. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையாவது இருந்தால் சமாதானம் பேசலாம்.

தாம்பரம் அவளுக்குக் கொடுத்த ஒரே சொத்து ஒரு தழும்பு. ஐந்து வயதில் லீவுக்கு வந்திருந்தபோது, என் தம்பியின் பைக்கில் இருந்து இறங்கும் அவசரத்தில் சைலன்ஸரில் காலை வைத்துவிட்டாள். டூத்பேஸ்ட் தடவினோம், பக்கத்து வீட்டில் இருந்து இங்க் கொண்டுவந்து ஊற்றினார்கள், யாரோ தோசை மாவும் கொண்டுவந்தார்கள். வலது ஆடுசதையில் தீப்பெட்டி அளவுக்குப் பளபளவென்று ஒரு தழும்பு நின்றுவிட்டது. நீச்சல் உடையில் நிற்கும்போது எட்டுப் பெண்களில் அவளை நான் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். மற்றபடி ஒரே கொண்டை, ஒரே உடை, ஒரே சிரிப்பு.

எங்கள் மருத்துவமனையில் ஊசி போட்டுப் பல் பிடுங்கிப் போனவர்கள் மூன்று மணி நேரம் கழித்துப் போன் செய்வார்கள். இப்போதுதான் வலிக்க ஆரம்பிக்கிறது, ஏதாவது தப்பாகிவிட்டதா என்று கேட்பார்கள். மரத்தது தெளிந்தால் வலிக்கும், அது சரிதான், பயப்பட வேண்டாம் என்று சொல்வது என் வேலை. இந்த மூன்று வருடம் எனக்கு அந்த மூன்று மணி நேரம் மாதிரி. கடித்துக்கொண்டாலும் தெரியாது.

3

உமா என்னோடு சேலையூரில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். இப்போது அங்கேயே ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். ஓர் இன்ஜினியரிங் கல்லூரி நீச்சல் குளத்தைக் கெஞ்சி வாங்கி, காலை ஐந்தரை முதல் ஏழு வரை எட்டுப் பெண்களைப் பழக்குகிறாள். கூடுவாஞ்சேரி, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று எங்கெங்கிருந்தோ பஸ் மாறி வரும் பெண்கள். அவள்தான் கூப்பிட்டாள்.

"ஏய் ஹெப்சி, நேஷனல்ஸ் நம்ம பக்கம் வருதுடி. எங்க குளத்துலயே. ஆனா நடத்தத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. போன தடவ ஜட்ஜுங்கள வெயிலப் பாத்து உக்கார வெச்சு, பாதிப் பேருக்கு ஆட்டமே தெரியல. நீ சீஃப் ரெஃப்ரியா வா. டிக்கெட் கமிட்டி போடும்."

"எனக்கு லீவு..."

"உனக்கு என்னடி லீவு? பல்லு எங்கயும் ஓடிடாது. வா."

போகிறேன் என்று சொன்னேன். ஆசையாக இருந்தது என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேட வேண்டும், அதற்குச் சோம்பல்.

எங்கள் கிளப்பில் புதிது வாங்கியதால் ஒதுக்கிவைத்த நீருக்கடி ஸ்பீக்கரை நன்கொடையாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன மேடம்?"

"ஸ்பீக்கர் சார். தண்ணிக்குள்ள பாட்டு கேக்கறதுக்கு."

"தண்ணிக்குள்ள யாரு மேடம் பாட்டு கேப்பாங்க?"

விளக்கினேன். பெண்கள் தலைகீழாக, கால் மட்டும் வெளியே தெரிய ஆடுவார்கள், மேலே போடும் பாட்டு உள்ளே கேட்காது, ஆகவே உள்ளேயும் ஒரு ஸ்பீக்கர். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மூன்று பேருக்கும் விளக்கினேன். படிவத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று முக்கால் மணி நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் 'இசைக்கருவி' என்று எழுதினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே அதே வெக்கை, அதே ஹாரன். உமா என்னைப் பார்த்து அழுதாள். நான் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

4

குளத்தைப் பார்த்துக்கொள்பவர் தனசேகர். மோட்டார், ஃபில்டர், குளோரின் எல்லாம் அவர் பொறுப்பு. ஸ்பீக்கரைத் தண்ணீருக்குள் இறக்கும்போது வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாக்கா இது, தண்ணிக்குள்ள பாட்டு போட்டா மீனா கேக்கப் போவுது? இங்க மீனும் கெடையாது."

பெண்கள் வந்தார்கள். நான் வழக்கப்படி எல்லோரிடமும் "கிரேட் ஜாப்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எதுக்குடி கிரேட் ஜாப்? இன்னும் தண்ணியிலயே எறங்கல. திட்டு, அப்பதான் நம்ம பசங்களுக்குப் புரியும்" என்றாள் உமா. பிறகு தன் பையில் இருந்து ஒரு எவர்சில்வர் குழம்புக் கரண்டியை எடுத்தாள்.

குளத்துக்குள் இறங்கும் இரும்பு ஏணியில் அந்தக் கரண்டியால் தட்டினாள். டங், டங், டங். எட்டாவது எண்ணிக்கைக்கு இரட்டைத் தட்டு. இரும்பு வழியாகச் சத்தம் தண்ணீருக்குள் போகும். தலைகீழாக இருக்கும் பெண்களுக்குப் பாட்டு கேட்காது, கரண்டி கேட்கும். அதை வைத்துக்கொண்டு எட்டுப் பேரும் ஒரே நொடியில் காலை மடக்கினார்கள், ஒரே நொடியில் திரும்பினார்கள். நன்றாகவே ஆடினார்கள். இரண்டு வருடமாக உமா அந்த ஏணியைத் தட்டித்தான் இந்த அணியை உருவாக்கியிருக்கிறாள். ஏணியின் ஒரு படியில் பெயின்ட் போய்ப் பள்ளமே விழுந்திருக்கிறது.

அப்புறம் கரண்டி இல்லாமல் ஸ்பீக்கரை மட்டும் போட்டோம். அரை நிமிடத்தில் அணி கலைந்தது. ஒருத்தி கால் உயரும்போது இன்னொருத்தி கால் இறங்கியது. கீர்த்தனா என்ற பெண் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஆன்ட்டி, பாட்டு எல்லாப் பக்கத்துலருந்தும் வருது. கவுண்ட் எங்க இருக்குனே தெரியல." அவர்கள் அந்தப் பாட்டைத் தண்ணீருக்குள் அதுவரை கேட்டதே இல்லை. எந்த வரியில் எந்த அசைவு என்று அவர்களுக்குத் தெரியாது. எத்தனையாவது தட்டு என்பதுதான் தெரியும்.

போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. கீர்த்தனா பிளஸ் டூ. அப்பா கூடுவாஞ்சேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் இடம் கேட்கலாம் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். இதை உமா சொன்னாள். கீர்த்தனாவும் சொன்னாள். கீர்த்தனாவின் அம்மா எனக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்.

மறுநாள் அணி மேலாளர்கள் கூட்டம். விதிகளைப் படித்தேன். போட்டி நடக்கும்போது வெளியில் இருந்து பயிற்சியாளர் சத்தமோ சைகையோ தரக் கூடாது. தந்தால் மதிப்பெண் குறைக்கப்படும். எப்போதும் இருந்த விதிதான், இதுவரை யாரும் அமல்படுத்தியதில்லை. கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் ஸ்பேனரால் தட்டுபவர், இன்னொருவர் கல்லால். ஆனால் அவர்கள் குளங்களில் ஏற்கெனவே ஸ்பீக்கர் வந்துவிட்டது. இல்லாதது உமாவின் குளத்தில் மட்டும்தான். அவள் முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் ஒன்றும் எழுதாமல் இருந்தாள்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் உன்ன வரச் சொன்னேன். என் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன்."

"உமா, எல்லாருக்கும் ஒரே ரூல்டி. உனக்கு மட்டும் விட்டா..."

"விடச் சொல்லல. வாசிக்காம இருந்திருக்கலாம். யாரும் கேக்கலயே?" பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உன்கிட்ட சொல்லி என்ன? பெத்த பொண்ணையே காட்டிக் குடுத்தவ நீ. எங்கள விடுவியா?"

அந்தக் கதையை நானேதான் அவளிடம் சொல்லியிருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. வண்டியில் ஏறி, சேலையூரில் தம்பி வீட்டுக்கு வந்து, தம்பி மனைவி வைத்த ரசத்தைச் சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது என்று சொன்னதாக ஞாபகம்.

5

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஜெமிமாவைக் கூப்பிட்டேன். அங்கே முந்தின நாள் சாயங்காலம். பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள், அதனால்தான் எடுத்தாள். வானிலை பேசி முடிந்ததும் எனக்கு வேறு பேச்சு கிடைக்கவில்லை. கரண்டியைப் பற்றிச் சொன்னேன்.

"என்ன கரண்டி?"

"குழம்புக் கரண்டி. ஏணியில தட்டுவாங்க."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போடவில்லை, வேண்டுமென்றே. பிறகு ஆங்கிலத்தில் நிறையக் கேள்வி கேட்டாள். எந்த இடத்தில் தட்டுகிறார்கள், எட்டுக்கு எட்டா, பாட்டு எவ்வளவு வேகம். மூன்று வருடத்தில் நீச்சலைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அம்மா, கரண்டியைப் பாட்டுக்குள்ள போட்டுடு" என்றாள்.

"என்னது?"

"வெளியில இருந்து தட்டத்தானே கூடாது? பாட்டுல கரண்டிச் சத்தம் இருந்தா அது மியூசிக். டிரம்ஸ் மாதிரி. ரெகார்ட் பண்ணி அனுப்பு, நான் மிக்ஸ் பண்றேன்." அவள் பஸ் வந்துவிட்டது. வைத்துவிட்டாள்.

விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். இசையில் என்ன ஒலி இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று ஒரு வரியும் இல்லை. மூன்றாவது முறை படித்தேன், ஏனென்றால் என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. பிறகு எல்லா மேலாளர்களுக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: போட்டிக்கு முந்தின நாள் மாலை வரை யார் வேண்டுமானாலும் தங்கள் பாட்டை மாற்றித் தரலாம், அதில் எந்த ஒலியும் சேர்க்கலாம். உமாவுக்கும் அதே செய்திதான் போயிற்று. அவள் பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "எங்க வந்து தட்டணும்?"

என் போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, தனசேகர் ஒரு கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். பெண்கள் ஆட, உமா முழு ஆட்டத்துக்கும் தட்டினாள். அந்தப் பதிவையும் பாட்டையும் ஜெமிமாவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை மிக்ஸ் செய்த பாட்டு வந்தது. கூடவே கட்டைவிரல் படம், அவ்வளவுதான்.

அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். நீந்தத் தெரியாத நடுவர் செய்யக்கூடியது அவ்வளவுதான். பாட்டு எங்கோ பின்னால் இருந்தது. முன்னால் சேலையூர்க் குழம்புக் கரண்டி, டங் டங் என்று, கனடாவுக்குப் போய் என் மகள் கை பட்டுத் திரும்பி வந்திருந்தது. மூச்சு முட்டும் வரை கேட்டேன்.

6

போட்டி நாளில் நடந்ததில் பாதி, நான் எழுதிய எட்டு யோசனைகளில் இருக்கிறது. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதுவரை நூறு பெண்கள் கொண்டை போட்டு, பவுடர் வைத்து, நீச்சல் உடையில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஆகவே முதல் யோசனை: முதலில் நீச்சல், பிறகு பொன்னாடை. "பொன்னாடை போடாம எப்படி மேடம் ஆரம்பிக்கறது?" என்று செயலாளர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

ஐந்தாவது யோசனை கொண்டை பற்றியது. உலகம் முழுவதும் இந்தப் பெண்கள் தலைமுடி கலையாமலிருக்க ஜெலட்டினைக் கரைத்துப் பூசுவார்கள். ஜெலட்டின் மாட்டெலும்பில் இருந்து வருவது என்று யாரோ ஒரு பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார்கள். சைவ வீட்டு அம்மாக்கள் கூடிப் பேசி, அதற்குப் பதில் சைனா கிராஸ் காய்ச்சித் தடவினார்கள். ஜெல்லி செய்யக் கடற்பாசி போடுவோமே, அதுதான். பார்க்க அருமையாக இறுகியது. தண்ணீரில் இரண்டாவது குட்டிக்கரணத்தில் துண்டு துண்டாக உதிர்ந்தது.

"யக்கா, ஃபில்டர்ல இன்னாவோ ஜெல்லி மாரி வந்துகினே கீது" என்று தனசேகர் ஓடி வந்தார். நாற்பது நிமிடம் போட்டி நின்றது. தலையில் ஒட்டிய மிச்சம் வெந்நீரில் அலசினாலும் போகாமல், ஒரு பெண் மறுநாள் பள்ளிக்கு அதே தலையோடு போனதாகக் கேள்வி.

உமாவின் அணி ஆறாவதாக இறங்கியது. மேலே பாட்டு, உள்ளே கரண்டி. உமா குளத்தின் ஓரத்தில் வெறுங்கையோடு நின்றாள். எண்ணிக்கைக்கு எண்ணிக்கை அவள் விரல்கள் மட்டும் புடவைக்குள் அசைந்தன. அதைப் பார்த்துவிட்டு நான் பார்வையைத் தண்ணீருக்குத் திருப்பினேன். அது சைகையில் சேராது என்று இப்போதும் நினைக்கிறேன். எட்டுப் பேரும் ஒன்றாகவே இருந்தார்கள். கடைசித் தூக்கலில் கீர்த்தனா மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சுத்தமாக உள்ளே போனாள்.

நான்காவது இடம். உமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் சொன்னத மனசுல வெச்சுக்காதடி" என்றாள். மனதில் வைக்கவில்லை என்றேன். அது உண்மை. வைக்க இடம் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. கீர்த்தனாவின் அப்பா என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் என்னைச் சேலையூர் வரை தனியாகக் கொண்டுவந்து விட்டார். சந்தோஷப்பட வேண்டிய நாள் என்று தெரிந்தது.

கிளம்பும் நாளன்று செயலாளர் கேட்டார்: "உங்க ஊர்ல தண்ணிக்குள்ள கேமரா வெக்கிறாங்களாமே மேடம்? தரையில கால் படுதான்னு பாக்க. இங்க அது இல்லாம யாரு என்ன பண்றாங்கன்னே தெரியல. அதையும் எழுதுங்க. அதுக்கு ஆள் யார போடலாம்னும் எழுதுங்க. பேரன்ட்ஸே உக்காருவாங்க, ஃப்ரீ."

அதுதான் ஒன்பதாவது.

7

இன்று மாலை வேலையில் இருந்து வந்ததும், கோட்டைக் கழற்றாமலே மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நோஸ் கிளிப்பைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

'9. நீருக்கடிக் கேமரா அவசியம். ஆனால் அதன் திரைக்கு முன் உட்காருபவர், நீந்தும் பிள்ளைகள் எவருக்கும் தாயாகவோ தந்தையாகவோ இருக்கக் கூடாது. விதிமீறலை மட்டுமே சொல்ல வேண்டும். யார் என்று சொல்லக் கூடாது.'

எழுதிவிட்டு ஜெமிமாவைக் கூப்பிட்டேன். இன்று பேசும் முறை இல்லை, இருந்தும் எடுத்தாள். தேதி அவளுக்கும் தெரிந்திருக்கும் போல. கேமராவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், ஒன்று எழுதியிருக்கிறேன், படிக்கட்டுமா என்றேன். ம் என்றாள். படித்தேன். அறிக்கைத் தமிழ் அவளுக்குக் கொஞ்சம் கஷ்டம், நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

பின்னால் அவள் அறைத்தோழி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நல்ல ரூல்மா" என்றாள். அப்புறம், "அது என் கால் இல்ல."

"எது?"

"அன்னைக்கு. தரையில பட்டது. அது என் கால் இல்லம்மா. அவளோடது. நாங்க ரெண்டு பேரும்தானே கீழ இருந்தோம். எனக்கு அடியில அது தெரிஞ்சுது."

எனக்கு வாயில் வந்தது ஒரே கேள்விதான். "ஏன் சொல்லல?"

"நீ எல்லார் முன்னாடியும் என் பேரைச் சொல்லிட்ட. அதுக்கப்புறம் நான் இல்லைன்னு சொன்னா அவளைக் காட்டிக் குடுக்கிற மாதிரி. டிரெஸ்ஸிங் ரூம்ல யாரும் என்கிட்ட பேசல. அவளும் பேசல." அவள் குரலில் கோபம் இல்லை. என்னிடம் கற்றுக்கொண்ட குரல் அது. "பெனால்டி பரவாயில்லம்மா. ரூல்னா ரூல். ஆனா உனக்கு என் கால் தெரியும்னு நெனச்சேன். என் காலா இருந்தா சைலன்ஸர் மார்க் தெரிஞ்சிருக்கும்ல?"

அந்தத் திரையை நினைத்துப் பார்த்தேன். மூன்று வருடமாகத் தினமும் பார்ப்பதுதான். நீலம், குமிழி, தரையை உந்தும் ஒரு வலது கால். ஆடுசதை முழுதாகத் தெரிகிறது. வெறும் தோல். தழும்பு இல்லை. இருக்கிறதா என்று ஒரு தடவைகூட நான் தேடியதில்லை. அவள் கீழே இருக்கிறாள் என்பது தெரியும், தப்பு நடந்தது தெரியும். மிச்சத்தை என் நேர்மையே பார்த்துக்கொண்டது.

"ஜெமி, மன்னிச்சுடுமா" என்றேன்.

"ம்." பிறகு, "அந்த ரூலை அனுப்பிட்டியா?"

"இல்ல, இன்னும் அனுப்பல."

"அனுப்பும்மா. நான் லைன்லயே இருக்கேன்."

அனுப்பினேன். பத்தாவது இல்லாமலே, ஒன்பது யோசனைகள். போயிற்று என்று திரையில் வந்தது. போயிடுச்சு என்று அவளிடம் சொல்லப் போனேன். கோட்டோடு மேசையில் கவிழ்ந்துவிட்டேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக எனக்கு வலித்தது. அம்மா, அம்மா என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அது சரிதான், பயப்பட வேண்டாம் என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறேன்.